நூறு கோடியே ஒன்று

கேமரன் மலைக்கு எப்போது போனாலும் பிரிஞ்சாங் கடைத்தெருவில் ஓர் அக்காவிடம்தான் காய்கறி வாங்குவேன். விலை ஒன்றும் சல்லிசு கிடையாது. எல்லாம் முடிந்த பிறகு அவர் செய்கிற ஒரு காரியத்துக்காகவே போவது. தராசில் ஒரு கிலோ தக்காளி சரியாக நிற்கும். பையைக் கட்டுவார், வெள்ளியை வாங்கிப் பெட்டியில் போடுவார். நான் திரும்பப் போகும் நேரத்தில் பக்கத்துக் கூடையிலிருந்து மல்லித்தழையில் ஒரு சின்னக் கொத்தை உருவி, பையின் வாயில் செருகிவிடுவார். தழையிலிருந்து தண்ணீர் சொட்டும். "இது எவ்வளவுக்கா?" என்று ஒருமுறை அசட்டுத்தனமாகக் கேட்டுவிட்டேன். "அட, இது கணக்குல வராதுங்க தம்பி" என்றார், லேசான கோபத்தோடு.

கொசுறு. எத்தனை சின்னச் சொல், எத்தனை பெரிய மனசு அதற்குள்! தராசு ஒப்புக்கொண்ட எடைக்குள் அது இல்லை, கொடுத்த காசுக்குள்ளும் இல்லை. கேட்டு வாங்கினால் பாதி அழகு போய்விடும். அந்தக் கொத்தை முகர்ந்துகொண்டே சுங்கை பாலாஸ் பக்கம் தேயிலைச் சரிவு தெரியும் வளைவில் வண்டியை நிறுத்தினேன். பச்சை அலைகள் மடிந்து மடிந்து இறங்க, அவற்றின் இடுக்குகளில் பனிமூட்டம் பஞ்சுபோல ஒதுங்கியிருந்தது. இந்த மலையே ஒரு கொசுறுதான் என்று தோன்றியது. மலை, மலைமேல் செடி, செடிக்கு நடுவே தொப்பியோடு அசையும் ஆள், தாப்பாவிலிருந்து நெளிந்து ஏறிவரும் சாலை, அதில் வாந்தியெடுத்துக்கொண்டே வந்து சேர்ந்த என் போன்றவர்கள், எல்லாமே கணக்கு முடிந்த பிறகு பையில் செருகப்பட்ட மல்லித்தழை. இயற்பியலார் இந்தக் கொசுறுக்கு எண்கூடப் போட்டு வைத்திருக்கிறார்கள்.

அந்த எண்ணைச் சற்று நின்று பார்ப்போம். பிரபஞ்சம் கொதித்துக்கொண்டிருந்த முதல் கணங்களில் பொருளும் எதிர்ப்பொருளும் ஜோடி ஜோடியாகப் பிறந்தன. எதிர்ப்பொருள் என்றதும் ஏதோ பேய்ச் சரக்கு என்று எண்ண வேண்டாம். எலெக்ட்ரானுக்கு எதிர் பாசிட்ரான். அதே எடை, அதே சுழற்சி, மின்னேற்றத்தின் குறி மட்டும் மாறியிருக்கும். புரோட்டானுக்கும் அப்படியே ஓர் எதிர்ப்புரோட்டான். இரண்டும் சந்தித்தால் இரண்டும் ஒளியாகிவிடும். சமமாகப் பிறந்தவை சமமாகவே சந்தித்துத் தீர்ந்திருந்தால் வானம் முழுக்க ஒளி மட்டும் மிஞ்சியிருக்கும், அதைப் பார்க்க ஒரு கண்கூட இருந்திருக்காது. அப்படி நடக்கவில்லை. எதிர்ப்பக்கத்தில் சுமார் நூறு கோடி என்றால் நம் பக்கத்தில் நூறு கோடியே ஒன்று இருந்தது. கோடிகளெல்லாம் ஜோடி சேர்ந்து ஒளியாகிப் போக, அந்த ஒன்று துணையில்லாமல் நின்றது.

நூறு கோடியே ஒன்று! இந்த எண்ணைத் தமிழ்க் காதால் கேட்டுப் பாருங்கள். கல்யாண வீட்டு வாசலில் மொய் எழுதுகிறவர் முன்னால் நின்று நாம் நூறு கொடுப்பதில்லை, நூற்றொன்று கொடுக்கிறோம். ஆயிரம் கொடுப்பதில்லை, ஆயிரத்தொன்று. முழு எண்ணில் முடிந்துவிட்டால் உறவே முடிந்ததுபோல் ஆகிவிடுமாம். அந்த ஒன்றில்தான் அடுத்த விசேஷத்துக்கான நூல் தொங்கிக்கொண்டிருக்கிறது. மொய் நோட்டில் அந்த ஒன்றைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குள் ஒரு சிரிப்பு எழும். நம் பாட்டன்மார் பிரபஞ்ச ரகசியம் அறிந்தவர்கள் என்று அடித்துவிட நான் தயாரில்லை. ஆனாலும் அந்த ஒற்றை ரூபாயின் நயம் அறிந்தவர்கள் அவர்கள்.

ஜோடிகள் அழிந்து பிறந்த ஒளி எங்கும் போய்விடவில்லை. 1380 கோடி ஆண்டுகளாக விரிந்து விரிந்து குளிர்ந்து, இன்று நுண்ணலையாக எல்லாத் திசைகளிலிருந்தும் வருகிறது. விண்வெளியில் ஒரு தேநீர்க் குவளை அளவு வெற்றிடத்தை எடுத்துக்கொள்ளுங்கள், 200 மில்லி. அதற்குள் எந்தக் கணத்திலும் 80,000-க்கு மேல் அந்தப் பழைய ஒளித்துகள்கள் இருக்கும். பொருள்துகளோ? பிரபஞ்சத்தின் எல்லா விண்மீனையும் வாயுவையும் பரப்பிச் சராசரி பார்த்தால் நான்கு கன மீட்டருக்கு ஒரு புரோட்டான். அதாவது 20,000 குவளைக்கு ஒன்று. ஒளித்துகள் 1000 கோடிக்குப் பொருள்துகள் 6 என்று இதை எழுதுவார்கள். எரிந்த விருந்தின் சாம்பல் அத்தனையும் ஒளியாக நம்மைச் சுற்றி இன்னும் மிதக்கிறது. நாம் இலையின் ஓரத்தில் ஒட்டிய பருக்கை.

மூடுபனிக்கு வருகிறேன், அதில்தான் என் மனம் சிக்கிக் கிடக்கிறது. குனோங் பிரிஞ்சாங் உச்சி கடல்மட்டத்திலிருந்து 2000 மீட்டருக்கு மேல். பாசி மண்டிய அந்தக் காட்டில் பனி நகர்வதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது வெறும் வெண்மை கிடையாது. கிளையைச் சுற்றி வளையும், வெளிச்சம் பட்டால் உள்ளிருந்து ஒளிரும், காதோரம் ஈரமாக உரசிப் போகும். 1894-இல் ஸ்காட்லாந்தின் பென் நெவிஸ் மலையுச்சியில் சில வாரங்கள் தங்கியிருந்த சி.டி.ஆர். வில்சன் என்ற இளைஞர் இப்படிப்பட்ட மேக விளையாட்டில் மயங்கினார். அந்த அழகைக் கண்ணாடிக் கூண்டுக்குள் உண்டாக்கிப் பார்க்க ஆசைப்பட்டார். விளைந்தது மேக அறை. ஈரம் நிறைந்த காற்றைச் சட்டென்று விரியவிட்டால் குளிர்ந்து, துளி கட்டத் தவிக்கும். அந்நேரம் மின்னேற்றமுள்ள துகள் ஒன்று ஊடே பாய்ந்தால், அது போன தடமெங்கும் நுண்துளிகள் அரும்பிக் கோடு தெரியும். கண்ணுக்கே தெரியாத ஒன்று நடந்துபோன சுவடு, பனியால் எழுதிய எழுத்து! மலைமேல் மேகம் பார்த்துச் சொக்கியதற்கு உலகம் தந்த பரிசு இது. 1927-இல் நோபெலும் வந்தது.

அந்தப் பனியெழுத்தில்தான் எதிர்ப்பொருள் முதன்முதலாகத் தன் கையொப்பத்தை இட்டது. 1928-இல் டிராக் எழுதிய சமன்பாடு எலெக்ட்ரானுக்கு ஒரு கண்ணாடிப் பிம்பம் உண்டென்று சொல்லியிருந்தது. 1932 ஆகஸ்ட் 2 அன்று, கலிஃபோர்னியாவில் கார்ல் ஆண்டர்சனின் மேக அறை ஒரு படம் எடுத்தது. அந்தப் படத்தை நான் பலமுறை பார்த்திருக்கிறேன், இன்னும் திகட்டவில்லை. வட்டமான இருட்டு, நடுவில் குறுக்கே ஒரு தடித்த பட்டை. அது 6 மில்லிமீட்டர் ஈயத்தகடு. அதைத் துளைத்துக்கொண்டு ஒரு மெல்லிய வெண்கோடு, கீழிருந்து மேலாக, தேயிலைச் சரிவின் ஒற்றையடிப் பாதைபோல் வளைந்து செல்கிறது. அவ்வளவுதான் படம்.

நயம் அந்த ஈயத்தகட்டில் இருக்கிறது. கோடு வளைவது காந்தப் புலத்தால். வளைவைப் பார்த்து மின்னேற்றத்தின் குறியைச் சொல்லலாம், ஆனால் துகள் எந்தப் பக்கமிருந்து வந்தது என்று தெரிந்தால்தான். மேலிருந்து இறங்கிய எலெக்ட்ரானும் கீழிருந்து ஏறிய பாசிட்ரானும் ஒரே வளைவைத்தான் வரையும். வழியில் ஒரு தகட்டை வைத்தாயிற்று. தகட்டைக் கடந்த துகள் களைத்துப் போகும். களைத்தது கூடுதலாக வளையும். படத்தில் தகட்டுக்கு மேலேதான் வளைவு இறுக்கம். ஆகவே அது கீழிருந்து மேலே போயிருக்கிறது, ஆகவே அது நேர்மின்னேற்றம். மலையேறிய மனிதர் எவ்வழி வந்தார் என்பதை மூச்சிரைப்பை வைத்துச் சொல்வதுபோல! ஒரு தகடு, ஒரு களைப்பு, ஒரு புதிய உலகம். இத்தனை சிக்கனமான கைவேலையை நான் வேறெங்கும் கண்டதில்லை.

அந்தப் பாசிட்ரானை ஆண்டர்சன் விண்ணிலிருந்து வரும் கதிர்களில் பிடித்தார். நமக்கு அத்தனை தூரம் போக வேண்டியதில்லை, தேயிலைப் பொட்டலம் போதும். தேயிலைச் செடி மண்ணிலிருந்து பொட்டாசியத்தை ஆசையாக உறிஞ்சும். காய்ந்த இலையின் எடையில் சுமார் நூற்றில் இரண்டு பங்கு பொட்டாசியம். இயற்கையில் எந்தப் பொட்டாசியத்திலும் பத்தாயிரத்தில் ஒன்று என்ற அளவில் பொட்டாசியம்-40 என்ற கதிரியக்க வகை கலந்திருக்கும். ஒரு கிலோ தேயிலையில் அது நொடிக்குச் சுமார் 600 முறை சிதைகிறது. பயப்பட ஒன்றுமில்லை, வாழைப்பழத்திலும் நம் எலும்பிலும் இதே கதைதான். அந்தச் சிதைவுகளில் பெரும்பாலானவை எலெக்ட்ரானை உமிழும். லட்சத்தில் ஒன்று மட்டும் வழி மாறிப் பாசிட்ரானை உமிழும். கணக்குப் போட்டுப் பார்த்தேன்: கிலோத் தேயிலைப் பொட்டலத்துக்குள் இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை எதிர்ப்பொருள் பிறக்கிறது.

பிறந்து என்ன செய்யும்? சற்றே தடுமாறி நகரும். சுற்றிலும் எலெக்ட்ரான் கூட்டம்; ஏதோ ஒன்றோடு கைகோக்கும்; அக்கணமே இரண்டும் இல்லை. எதிரெதிர்த் திசைகளில் இரண்டு காமாக் கதிர்கள் மட்டும் பிரிந்து ஓடும். பெரிய ஆஸ்பத்திரிகளில் புற்றுநோயைத் தேட எடுக்கும் பெட் ஸ்கேன் இந்த இரட்டை ஓட்டத்தை வைத்துத்தான் படம் வரைகிறது. பிரபஞ்சத்தின் ஆதி நாடகம், நூறு கோடி நூறு கோடியாக நடந்து முடிந்த அதே சந்திப்பு, இன்றும் சமையலறைப் பரணில் டப்பாவுக்குள் ஓசைப்படாமல் நடக்கிறது. அதைக் கேட்க நமக்குக் காது இல்லை. மாமக் கடையில் 'தே ஓ' சொல்லிவிட்டுக் காத்திருக்கும்போது இதை நினைத்துக்கொள்வேன். ஆவி பறக்க வரும் அந்தச் செம்பழுப்பு நீரின் மேல் ஒரு மரியாதை கூடிவிடும்.

சரி, அந்த ஒன்று எப்படிக் கூடியது? பந்தியில் பரிமாறுகிறவருக்கு ஓரவஞ்சனை இருக்க வேண்டும். இயற்கை நெடுங்காலம் அதை மறைத்து வைத்திருந்தது. 1964-இல் நியூயார்க் அருகே புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தில் குரோனின், ஃபிட்ச் ஆகியோரின் குழு நெடுங்காலம் வாழும் நடுநிலைக் கேயான் என்னும் துகளைக் கவனித்தது. பொருளையும் எதிர்ப்பொருளையும் இடம் மாற்றி, கூடவே இடது வலதையும் மாற்றினால் இயற்கை வித்தியாசம் காட்டாது என்று எல்லோரும் நம்பியிருந்த காலம் அது. அந்த நம்பிக்கை சரியென்றால் இந்தக் கேயான் ஒருபோதும் பையான் என்னும் இரண்டு துகள்களாக உடையக் கூடாது. 22,700 சிதைவுகளில் ஏறத்தாழ 45 அப்படி உடைந்தன.

வெறும் 45. தேயிலைத் தோட்டத்தில் கையால் கொழுந்து கிள்ளிய தலைமுறையில் பிறந்தவன் என்பதால் இந்த எண் என்னைத் தொடுகிறது. அப்பாயி கூடையைக் கவிழ்த்து, கொழுந்தோடு கலந்துவிட்ட முற்றின இலையைப் பொறுக்கித் தள்ளும் வேகம் எனக்கு நினைவிருக்கிறது. பார்க்கவே மாட்டார், விரல்நுனிக்குத் தெரிந்துவிடும். இப்போது கத்தரியும் இயந்திரமும் வந்துவிட்டன; சரிவில் நிற்பவர்களும் பெரும்பாலும் வங்கதேசத்திலிருந்தும் நேபாளத்திலிருந்தும் வந்த பிள்ளைகள். ஆனாலும் ஐந்நூறில் ஒன்றை விரல் அறியும் அந்த நுட்பத்தை நினைத்துக்கொண்டுதான் 22,700-இல் 45-ஐ நான் பார்க்கிறேன். வேண்டாத இலை என்று அதைத் தள்ளிவிடாமல், அந்தக் குழு கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தது.

ஓரவஞ்சனை மட்டும் போதாது என்று 1967-இல் ஆந்த்ரே சாகரவ் ஒரு குட்டிக் கட்டுரையில் எழுதினார். சில பக்கம்தான். அதில் அவர் கேட்டவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது, எல்லாம் நிதானமாக நடந்திருக்கக் கூடாது என்பது. கொதிநிலையில் எல்லாம் சமநிலையில் இருந்தால் கூடிய ஒன்றும் திரும்பக் கரைந்துவிடும். கூடிய கணத்தில் பிரபஞ்சம் சட்டென்று குளிர்ந்து, திரும்பிப் போகும் கதவைச் சாத்தியிருக்க வேண்டும். இதைப் புரிந்துகொள்ளத் தேயிலைத் தொழிற்சாலைக்குள் ஒருமுறை நடந்தால் போதும். வாட வைத்த கொழுந்தை உருட்டு இயந்திரம் கசக்குகிறது, இலைச்சாறு காற்றைத் தொட்டதும் பச்சை மெல்லச் செம்பாகிறது, மணம் ஏறுகிறது. அந்த மணம் உச்சியில் நிற்கும் கணம் பார்த்து உலைக்குள் அனுப்பி நிறுத்த வேண்டும். விட்டால் குணம் போய்விடும். இங்கே சூட்டால் நிறுத்துகிறார்கள், அங்கே குளிரால் நின்றது. இரண்டிலும் நேரம் பார்த்து நிறுத்திய கை ஒன்றுபோலவே நேர்த்தியானது.

சாகரவ் கேட்ட இன்னொன்று, பொருள்துகளின் எண்ணிக்கையே மாறக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது. புரோட்டான் சாகாவரம் பெற்றதென்றால் அது புதிதாய்ப் பிறந்ததும் எப்படி? எனவே புரோட்டானும் என்றாவது சிதையக் கூடும். அந்தச் சாவைப் பார்க்கக் காத்திருந்த முதல் இடங்களில் ஒன்று நம்மவர் வியர்வை சிந்திய இடம், கோலார் தங்கவயல். வட ஆற்காட்டுப் பக்கத்து ஊர்களிலிருந்து சிலர் கப்பலேறி மலாயாவுக்கு வந்தார்கள், சிலர் ரயிலேறிக் கோலாருக்குப் போனார்கள். ஒரு கூட்டம் காட்டை அழித்து மலைமேல் தேயிலை நட்டது. ஒரு கூட்டம் பாறையைக் குடைந்து குடைந்து பூமிக்குள் இறங்கியது. அவர்கள் தோண்டிய ஆழத்தில், 2.3 கிலோமீட்டருக்குக் கீழே, 1980-இல் இந்திய, ஜப்பானிய ஆய்வாளர்கள் 140 டன் இரும்பை அடுக்கடுக்காக வைத்து, இடையிடையே உணர்கருவிகளைப் பரப்பினார்கள். அதற்கு முன்பே 1965-இல் அதே சுரங்கத்தில் வளிமண்டல நியூட்ரினோ என்னும் துகளின் தடம் பதிவாகியிருந்தது.

மேலே 2.3 கிலோமீட்டர் பாறை, விண்கதிர்களை வடிகட்டும் சல்லடையாக. கீழே வெக்கை, இருட்டு, அசையாத இரும்பு. ஒரே ஒரு புரோட்டான் அவிழ்வதற்காக ஆண்டுக்கணக்காக ஒரு காத்திருப்பு. சில நிகழ்வுகளை அந்தக் குழு கண்டதாகச் சொன்னது, பின்னால் வந்த பெரிய ஆய்வுகள் அதை உறுதி செய்யவில்லை. ஜப்பானின் சூப்பர் கமியோகாண்டே இன்றும் காத்திருக்கிறது, புரோட்டான் அசையக் காணோம். எனக்கு இதில் ஏமாற்றம் இல்லை. தங்கம் எடுக்க வெட்டிய குழியை, உலகம் ஏன் இருக்கிறது என்று கேட்கும் காதாக மாற்றிய அந்த எண்ணமே ஒரு காவிய அழகு. தங்கவயல் 2001-இல் மூடப்பட்டது.

ஓரவஞ்சனைக்குக் காரணம் சொன்னவர்கள் கோபயாஷியும் மஸ்கவாவும். 1973-இல் கியோத்தோவில் அவர்கள் காட்டியது: குவார்க் என்னும் அடிப்படைத் துகள்கள் மூன்று தலைமுறையாக இருந்தால் இந்தச் சாய்வு தானாகவே வரும். அப்போது கையில் இருந்தவை மூன்றே மூன்று குவார்க்குகள், இரண்டு தலைமுறைகூட நிரம்பவில்லை! இல்லாத பேரப்பிள்ளைக்குத் தொட்டில் கட்டிவைத்தது போன்ற துணிச்சல். பிள்ளைகள் ஒவ்வொன்றாக வந்தன, கடைசிக் குவார்க் 1995-இல். பிறகு 2001-இல் அமெரிக்காவின் பாபார், ஜப்பானின் பெல் ஆகிய இரு ஆய்வுகளும் பி-மெசான் என்னும் துகள்களில் அந்தச் சாய்வைத் தெளிவாகக் கண்டன. பெல் குழுவின் கட்டுரைகளில் நீண்டு செல்லும் ஆசிரியர் பட்டியலில் மலாயா பல்கலைக்கழகத்தின் பெயரும் உண்டு என்பதை விரல் வைத்துத் தேடிப் பார்த்துச் சந்தோஷப்பட்டவன் நான்.

2025-இல் செர்னின் எல்எச்சிபி ஆய்வு இன்னும் நெருங்கி வந்தது. நம்மை ஆக்கியிருக்கும் புரோட்டான், நியூட்ரான் எல்லாம் பேரியான் குடும்பம். அந்தக் குடும்பத்துத் துகளிலேயே முதன்முறையாகச் சாய்வு தெரிந்தது: லாம்ப்டா-பி என்ற பேரியானும் அதன் எதிர்ப்பேரியானும் சிதையும் விதத்தில் சுமார் 2.5 விழுக்காடு வித்தியாசம். ஆனால் இதுவரை கண்ட சாய்வுகளையெல்லாம் கூட்டினாலும் அந்த நூறு கோடிக்கு ஒன்று வராது, கிட்டவும் வராது. சமன்பாடுகள் தருவது மிக மிகக் குறைவு. கையில் இருப்பதோ ஒரு முழுப் பிரபஞ்சம். நியூட்ரினோக்களிடம் மீதி ஒளிந்திருக்கிறது என்று சிலர் நினைக்கிறார்கள், எனக்கும் அந்தப் பக்கம்தான் சாய்வு. இத்தனை எடைபோட்ட பிறகும் தராசு, "இது கணக்குல வராதுங்க தம்பி" என்கிறது.

மாலை நான்கு மணிக்கு மலையிறங்கினேன். பக்கத்து இருக்கையில் தோட்டத்துக் கடையில் வாங்கிய ஒரு கிலோ தேயிலை, அதன்மேல் மல்லித்தழை. ரிங்லெட் தாண்டியதும் பனி விலகி வெயில் வந்தது. ஜன்னலை இறக்கினால் காட்டுவாசனை, ஏற்றினால் மல்லி வாசனை. தாப்பாவுக்கு வந்து சேர ஒன்றரை மணி நேரம். அதற்குள் அந்தப் பொட்டலத்தில் முப்பது பாசிட்ரான்களாவது பிறந்து போயிருக்கும்.